அக்காவின் தீராத வலிகளுக்கும் வீட்டில் விழும் அடிக்கும் தொடர்பு உண்டா?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக மனத்தில் போட்டு அழுத்தி வைத்திருந்த ஒன்றை இன்றுதான் எழுதத் துணிந்தேன். என் அக்காவுக்கு வயது முப்பத்து நான்கு, திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன, இரண்டு பிள்ளைகள். ஓயாத தலைவலி, சாப்பிட்டவுடன் வயிற்றைப் பிசைவது, நள்ளிரவில் விழித்துக்கொண்டால் விடியும்வரை தூக்கம் வராமை, மாதவிலக்கு நாள்களில் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத அடிவயிற்று வலி என்று அவள் மருத்துவர் மாற்றி மருத்துவராகப் பார்த்துவருகிறாள். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, தைராய்டு, இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாகிவிட்டது. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். ஒரு தனியார் மருத்துவமனையில், "உங்களுக்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீடு வந்து சேரும்வரை பேருந்தில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமா கை நீட்டுவார் என்பது எங்கள் குடும்பத்தில் அனைவருக்கும் தெரியும். தெரியாதவர்களைப் போல இருக்கப் பழகிக்கொண்டோம். சென்ற பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்திருந்தபோது, பிள்ளைகளுக்குக் கரும்பை நறுக்கிக் கொண்டிருந்தாள், முந்தானை விலகியது. மேல்கையில் நான்கு விரல்களின் தடம் வரிசையாகக் கன்றிப் பச்சை பாய்ந்திருந்தது. என்னவென்று கேட்டதற்கு, "பாத்ரூமில் வழுக்கிவிட்டது" என்றாள். வழுக்கி விழுந்தால் விரல் தடம் எப்படி வரும் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி, பொங்காத பாலைக் கிளறிக்கொண்டு நின்றார்.

எனக்கு இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். அவளுடைய இந்த நோய்களுக்கும் வீட்டில் நடப்பதற்கும் தொடர்பு உண்டா, அல்லது நானாகவே முடிச்சுப் போடுகிறேனா? தொடர்பு உண்டென்றால், தங்கையாகிய நான் நிலைமையை மேலும் மோசமாக்கிவிடாமல் என்ன செய்ய முடியும்? போலீஸ் என்ற சொல்லை எடுத்தாலே, "அவரை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு என் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன், வாழாவெட்டியாக வந்து உங்கள் வாசலில் உட்காரச் சொல்கிறாயா" என்று அழத் தொடங்கிவிடுகிறாள். அவளுடைய கைப்பேசியை மாமா தினமும் எடுத்துப் பார்ப்பார். ஏடிஎம் அட்டையும் அவரிடம்தான் இருக்கிறது.

பதில் 1: அரசு மருத்துவர் (பொது மருத்துவம்)

தொடர்பு உண்டு. நீங்கள் முடிச்சுப் போடவில்லை. முன்பே பார்த்திருக்க வேண்டியவர்கள் பார்க்காமல் விட்டதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்த வரிசையில் நானும் இருந்தவள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில், புறநோயாளிகள் பிரிவில் நூற்றைம்பது சீட்டுகள் காத்திருக்கும் காலை வேளையில், இதே தலைவலியும் இதே தூக்கமின்மையுமாக வந்த எத்தனையோ பெண்களுக்கு ஒரு வலி மாத்திரையும் ஒரு சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பக்கத்தில் கணவர் நின்றுகொண்டு அவளுக்காக அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்ததை அப்போது அக்கறை என்று எண்ணினேன்.

ஆபத்து வரும்போது உடல் அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் தணிய வேண்டும். ஆனால் மாலை ஏழு மணிக்கு வாசலில் வண்டி நிற்கும் சத்தமே ஆபத்தின் அறிவிப்பாக இருக்கும் ஒரு வீட்டில், அது தணிவதற்கு நேரமே கிடைப்பதில்லை. இறுகிய கழுத்துத் தசை தலைவலியாகிறது, குடல் தன் ஒழுங்கை இழக்கிறது, காவல் காக்கும் மூளை தூங்க மறுக்கிறது, வலியைக் கடத்தும் நரம்புகள் நாளடைவில் சிறு தூண்டலுக்கும் பெரிதாகக் குரல் கொடுக்கத் தொடங்குகின்றன. ஸ்கேன் உறுப்பின் வடிவத்தைக் காட்டும். இத்தகைய இயக்கக் கோளாறை அது காட்டாது. அதனால்தான் ரிப்போர்ட் நார்மலாகவும் நோயாளி வேதனையிலும் இருக்கிறார்கள். அந்த வலி உண்மையான வலி. அதைப் பிரமை என்று சொன்னது தவறு.

உலக சுகாதார நிறுவனம் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்ட அறிக்கை, கணவரின் அல்லது துணைவரின் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்றும், எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16 விழுக்காடு அதிகம் என்றும் கூறுகிறது. அதே அறிக்கையின்படி, அப்படிப்பட்ட பெண்களில் உடலில் காயம் அடைந்தவர்கள் 42 விழுக்காட்டினர். அதாவது பாதிக்கு மேற்பட்டவர்களிடம் காட்டுவதற்குக் காயமே இருப்பதில்லை. கன்றிய தடத்தை மட்டும் தேடுகிற மருத்துவரின் கண்ணில் அவர்கள் படவே மாட்டார்கள்.

காயங்களிலும் எளிதில் தப்பிவிடுபவை சில உண்டு. கன்னத்தில் ஓங்கி அறைந்தால் காதுச் சவ்வு கிழியலாம். எதிரே நிற்பவர் வலது கையால் அறைவதே வழக்கம் என்பதால் பெரும்பாலும் இடது காதுதான் அடிபடும். காதில் இரைச்சல், காது மந்தம், தலைக்குக் குளித்தால் சீழ் என்று மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார்கள். தலையைச் சுவரில் மோதியதால் ஏற்படும் மூளை அதிர்ச்சி, பிற்பாடு மறதியாகவும் எரிச்சலாகவும் வெளிப்பட்டு, "இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்று கணவர் வீட்டார் சொல்வதற்கும் வழிவகுக்கிறது. கருவுற்றிருக்கும்போது வயிற்றில் விழும் உதை, நச்சுக்கொடி முன்கூட்டியே பிரிவதற்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் காரணமாகலாம்.

கழுத்தை நெரிப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பலருக்கு வெளியில் தடமே இருக்காது. ஆனால் கழுத்தின் இரத்தக் குழாய் உட்பக்கம் கிழிந்திருந்தால், சில நாள்களோ வாரங்களோ கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். குரல் கம்முவது, விழுங்கும்போது வலிப்பது, நெரித்தபோது நினைவு தப்பியது அல்லது சிறுநீர் பிரிந்தது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். அமெரிக்காவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வொன்றில், முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அதே துணைவரால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. உங்கள் அக்காவிடம் இதை மட்டுமாவது தனியாகக் கேட்டுவிடுங்கள். "கழுத்தை நெரித்தாரா" என்றால் பெரும்பாலும் இல்லை என்பார்கள். "கழுத்தில் கை வைத்திருக்கிறாரா" என்று கேளுங்கள்.

கணவரிடம் அனுமதி பெறாமலோ, எளிதாக அனுமதி பெற்றோ அவள் போகக்கூடிய இடம் பெரும்பாலும் மருத்துவமனை ஒன்றுதான். ஆகவே அங்கே அவளைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். "இவளை மட்டும் பரிசோதிக்க வேண்டும், மற்றவர்கள் வெளியே இருங்கள்" என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் உரிமை உண்டு. காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்து, காயப் பதிவேடு) பதிவு போடுவார்கள். அதில் "தவறி விழுந்தார்" என்று எழுதிவிட்டால் பிற்பாடு அதை மாற்றுவது கடினம். யார், எப்போது, எதனால் அடித்தார் என்பதை அவள் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். இந்தப் பதிவு போட்டால் காவல்துறைக்குத் தகவல் போகும் என்பதையும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவளுக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். பதினொரு ஆண்டுகளாக அவள் வாழ்க்கையின் முடிவுகளை வேறொருவர் எடுத்துவந்திருக்கிறார். அந்த இடத்தில் நாம் போய் உட்காரக் கூடாது.

பதில் 2: ஓய்வுபெற்ற ஆசிரியர்

தங்கைக்கு என் ஆறுதல். மருத்துவர் சொன்னவற்றை மதிக்கிறேன். எனினும் அறுபத்தேழு வயதில் பல குடும்பங்களைப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். சட்டம், வழக்கு என்று போன குடும்பங்கள் மீண்டும் ஒட்டியதை நான் அதிகம் கண்டதில்லை. அடிப்பது தவறுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இரு தரப்புப் பெரியவர்களையும் உட்கார வைத்து, மாப்பிள்ளையைக் கண்டித்து, ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்.

பதில் 3: இப்போது தூங்குகிறேன்

ஐயா, தங்கள் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. என் வீட்டில் பெரியவர்கள் மூன்று முறை உட்கார்ந்தார்கள். மூன்று முறையும் அவர் தலை குனிந்து நின்றார். மூன்று முறையும் என்னிடம், "நீயும் கொஞ்சம் வாயை அடக்க வேண்டும்" என்றார்கள். மூன்றாவது முறை எல்லோரும் காபி குடித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகு, அவர் உள்ளே வந்து கதவைத் தாழிட்ட சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. ஊரைக் கூட்டி அவமானப்படுத்திவிட்டாய் என்பதற்கான அடி, அதுவரை விழுந்த எல்லா அடியையும் விடப் பெரிதாக இருந்தது. பஞ்சாயத்து செய்தவர்கள் எவரும் அன்று இரவு எங்கள் வீட்டில் தங்கவில்லை.

பிள்ளைகளை எண்ணித்தான் நானும் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். என் மகன் ஏழு வயதில் மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்கினான். அவர் குரல் உயர்ந்தால் மகள் தன் புத்தகப் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் உட்காருவாள். பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன் என்று நான் நினைத்திருந்த அதே காலத்தில், அவர்களும் என்னோடு சேர்ந்து நோயாளிகளாகிக் கொண்டிருந்தார்கள்.

வைகைக்கரை அவர்களே, உடம்பைப் பற்றிக் கேட்டீர்கள். அதனால் வெளியே வந்த பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணியிருந்தேன், அப்படி ஆகவில்லை. அம்மா வீட்டில், யாரும் என்னை ஒன்றும் சொல்லாத இடத்தில், பக்கத்து வீட்டு வண்டி வந்து நின்றால்கூடக் கையிலிருந்த கரண்டி நடுங்கியது. முதல் சில மாதங்கள் தலைவலி அதிகமாகக்கூட இருந்தது. இதற்காகவா வெளியே வந்தோம் என்று மனம் தளர்ந்து, திரும்பிப் போய்விட எண்ணிய நாள்களும் உண்டு. மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு மருத்துவர், "உங்கள் மூளை இன்னும் காவல் பணியில்தான் இருக்கிறது, அதற்கு ஓய்வு கொடுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்" என்று சொல்லி மருந்தும் ஆலோசனையும் கொடுத்தார். எட்டாவது மாதத்தில் ஒரு நாள் இரவு பத்து மணிக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழுந்தேன். அன்று எழுந்ததும் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று பயந்துபோனேன். அவ்வளவு காலம் ஆகியிருந்தது அப்படித் தூங்கி.

இன்னொன்று. எனக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மாத்திரைக்குப் பணம் கேட்டால், "உனக்குச் செலவழித்தே நான் அழிந்தேன்" என்பார். ஆதலால் தினமும் ஒன்று போட வேண்டியதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுவந்தேன். சர்க்கரை ஏன் குறையவில்லை என்று மருத்துவர் திட்டுவார்; நான் இனிப்புச் சாப்பிட்டேன் என்று ஒப்புக்கொள்வேன். உங்கள் அக்காவின் ஏடிஎம் அட்டை அவரிடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவளுடைய மருந்துச் சீட்டில் உள்ள மருந்துகளை உண்மையிலேயே வாங்குகிறாளா என்று பாருங்கள். கணவர் கைக்கு எட்டாத வகையில் ஒரு மாதத்து மருந்தை உங்களால் வாங்கித் தர முடிந்தால், அதுவே இன்றைக்குப் பேருதவி.

பதில் 4: பெண்கள் ஆலோசனை மையத்தில் பணியாற்றுபவர்

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்திருப்பதாகக் கூறினர். நாட்டின் சராசரி 29.3. மகப்பேறு மருத்துவத்திலும் பெண் கல்வியிலும் முன்னால் நிற்கும் ஒரு மாநிலம் இந்தக் கணக்கில் தேசிய சராசரியைவிடப் பின்தங்கி இருக்கிறது. உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களில் நாடு முழுவதும் 77 விழுக்காட்டினர் எவரிடமும் சொல்லவும் இல்லை, உதவி கேட்கவும் இல்லை. ஆகவே உங்கள் அக்கா பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னதை வைத்து அவளிடம் வருத்தப்படாதீர்கள்.

ஜெயில் பற்றிய அவளுடைய அச்சத்துக்கு நேரடியான விடை உண்டு. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அடிப்படையில் நிவாரணம் தரும் சட்டம். கணவரைக் கைது செய்யச் சொல்லாமலே, இனி அடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு ஆணையையும், வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்ற வசிப்பிட ஆணையையும், மருத்துவச் செலவு உள்ளிட்ட பண உதவியையும், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் ஆணையையும் அவள் குற்றவியல் நடுவரிடம் கேட்கலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம் என்ற பேச்சு வருகிறது. கணவரின் கொடுமைக்கான குற்ற வழக்கு வேறு. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு என்று அறியப்பட்டது, 2024 ஜூலை முதல் அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. அந்தப் பாதையில் போவதா வேண்டாமா என்பதை அவள் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். அடிப்பது மட்டுமின்றி இழிவாகப் பேசுவதும், பாலியல் வற்புறுத்தலும், பணத்தையும் நகையையும் பறித்து வைத்துக்கொள்வதும் மேலே சொன்ன குடும்ப வன்முறைச் சட்டத்தில் வன்முறையாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. ஏடிஎம் அட்டை விவகாரம் இதில்தான் அடங்கும்.

வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, எனக்கு என்ன உரிமை என்று கேட்பவர்களே அதிகம். கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், அவள் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் அங்கே வசிக்கும் உரிமையைக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்திருக்கிறது. தாய் வீட்டுக்குத் தற்காலிகமாக வந்திருந்தாலும், அந்த ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். கணவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

தங்கையாகிய உங்களுக்கும் இச்சட்டத்தில் இடம் உண்டு. குடும்ப வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காக அவர் மீது வழக்குத் தொடர முடியாது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். 181 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மாவட்டந்தோறும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி ஆகியவற்றோடு ஐந்து நாள்கள் வரை தங்கவும் இடம் தருவார்கள். மனம் உடைந்து இருக்கிறாள் என்றால் 14416 என்ற மனநல உதவி எண் உண்டு, தமிழிலேயே பேசலாம். இவற்றை அவளுடைய கைப்பேசியிலிருந்து அழைக்க வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம். உங்கள் கைப்பேசியிலிருந்து அவள் பேசட்டும்.

வெளியேறும் நேரமும் அதை அடுத்த சில வாரங்களுமே மிகவும் ஆபத்தானவை. எனவே கோபத்தில் போய் மாமாவிடம் நியாயம் கேட்டுவிடாதீர்கள். நீங்கள் திரும்பிய பிறகு அந்தக் கணக்கை அவள்தான் தீர்க்க வேண்டியிருக்கும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், நகை ரசீது, இதுவரையிலான மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல் உங்களிடம் இருக்கட்டும். அவள் தொலைபேசியில் சொன்னால் உங்களுக்கு மட்டும் புரியக்கூடிய ஒரு சாதாரண வாக்கியத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வந்த ஒரு பெண், "இட்லி மாவு புளித்துவிட்டது" என்று அண்ணனிடம் சொல்வாள். அடுத்த அரை மணி நேரத்தில் அவர் ஆட்டோவோடு வாசலில் நிற்பார்.

மருத்துவர் அம்மா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மும்பை பாந்த்ராவின் மாநகராட்சி மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டில் திலாசா என்ற மையம் தொடங்கப்பட்டது. மருத்துவமனைக்கு உள்ளேயே, வன்முறைக்கு உள்ளான பெண்ணை அடையாளம் கண்டு ஆலோசனை தரும் ஏற்பாடு அது. சிகிச்சைக்கு வந்தவள் அதே சீட்டோடு இன்னோர் அறைக்குள் சென்று பேசிவிட்டு வரலாம். நம் ஊர் வட்ட மருத்துவமனைகளிலும் அப்படி ஓர் அறை வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுவருகிறோம்.

வைகைக்கரை (கேட்டவர்)

எழுதிய அனைவருக்கும் நன்றி. பெரியவர் ஐயா வருத்தப்பட வேண்டாம். பொங்கல் வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

சின்னவனுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று சொல்லி அக்காவை நேற்று அம்மா வீட்டுக்கு வரவழைத்தேன். மொட்டை மாடியில் துணி காய வைக்கும்போது, மருத்துவர் சொன்னபடியே கேட்டேன். கையிலிருந்த சட்டையை உதறிக்கொண்டே, "இரண்டு தடவை" என்றாள். இரண்டாவது முறை நடந்து பத்து நாள்கள் ஆகின்றன. அதிலிருந்து அவள் குரல் கம்மியிருக்கிறது. சளி என்று நினைத்து வீட்டில் எல்லோரும் அவளுக்குச் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இதற்கு எவ்வளவு நாளுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

அரசு மருத்துவர் (பொது மருத்துவம்)

நாள் கணக்கு வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். "தொண்டை கட்டியிருக்கிறது" என்று சொல்லாதீர்கள். "பத்து நாள்களுக்கு முன் கழுத்து நெரிக்கப்பட்டது, அதன் பிறகு குரல் மாறியிருக்கிறது" என்று அப்படியே சொல்லுங்கள். கழுத்து இரத்தக் குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன் தேவையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையைப் பார்க்க வேண்டும். வழியில் ஒரு பக்கக் கையோ காலோ மரத்துப் போனாலும், பார்வை மங்கினாலும், பேச்சுக் குழறினாலும் உடனே 108ஐ அழையுங்கள். முடிந்தால் உங்களைத் தவிர இன்னொருவரும் உடன் செல்வது நல்லது.

வைகைக்கரை (கேட்டவர்)

கிளம்பிவிட்டோம். ஆட்டோவில் இருந்து எழுதுகிறேன். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறோம். அம்மாவும் உடன் வருகிறார். அடுப்பை அணைத்துவிட்டு அவராகவே வந்து ஏறிக்கொண்டார்.